நின்று கேட்டவர்

தியானப் பகுதி: மாற்கு 10:46–52



குருமனையின் மாடியில் சில தொட்டிகளில் நான் கீரையும் கத்தரியும் வளர்த்து வருவது உங்களுள் பலருக்குத் தெரியும். அந்த ஆர்வத்தினால் சில ஆண்டுகளுக்கு முன் மாடித்தோட்டம் வளர்ப்போரின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தொடங்கிய குழு அது. பல சமயத்தையும் சேர்ந்த இருநூறுக்கும் மேற்பட்டோர் அதில் இருக்கிறார்கள். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசலை எப்படிக் கலப்பது, தென்னைநார்க் கழிவை எத்தனை முறை அலசுவது என்பவையே அங்கு நடக்கும் பேச்சு.

சென்ற ஆண்டில் அக்குழுவுக்குள் வேண்டாத செய்திகள் பெருகின. உடனடிக் கடன், வீட்டிலிருந்தே வேலை, பணத்தை இரட்டிப்பாக்கும் முதலீடு என்று நாள்தோறும் விளம்பரங்கள் வந்தன. ஆசிரியை என்னையும் ஓர் அட்மினாக நியமித்தார். புதிதாகச் சேருவோரை நாங்கள் அனுமதித்த பின்னரே உள்ளே வரும்படி அமைத்தோம். விளம்பரங்களை அழித்தோம், அனுப்பிய எண்களை நீக்கிப் புகார் செய்தோம். ஒருமுறை நெடுநாள் உறுப்பினர் ஒருவரின் எண்ணிலிருந்தே முதலீட்டு விளம்பரம் வந்தது. அவரை நீக்கிவிட நான் விரைந்தேன். ஆசிரியையோ முதலில் அவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். அவருக்கு வந்த ஆறு இலக்கக் குறியீட்டை யாரோ தந்திரமாய்க் கேட்டு வாங்கி, அவருடைய கணக்கையே கைப்பற்றியிருந்தார்கள். குற்றவாளி என்று நான் எண்ணியவர் உண்மையில் ஏமாற்றப்பட்டவர்.

சில வாரங்களுக்குப் பின் ஆசிரியை எனக்கும் ஒரு வார்த்தை சொன்னார். "ஐயா, தவறாக நினைக்காதீர்கள். காலைதோறும் நீங்கள் போடும் வசனப் படத்தையும் நிறுத்திக்கொள்ள வேண்டும். ராசிபலன் போடுகிறவரிடமும் இதையே சொல்லியிருக்கிறேன்."

என் முகம் சுருங்கியது. கர்த்தருடைய வார்த்தையும் கடன் விளம்பரமும் ஒன்றா? சுவிசேஷத்தைக் குறித்து வெட்கப்படலாகாது என்று பிரசங்கிக்கிறவன் அல்லவா நான்? மறுமொழி நாவின் நுனிவரை வந்தது. அவர் வாதாடவில்லை. "அந்த மாதம் வந்த செய்திகளை ஒருமுறை பின்னோக்கிப் பாருங்கள் ஐயா" என்று மட்டும் சொன்னார்.

பார்த்தேன். ஒரு கடன் விளம்பரம், அதன்கீழ் ராசிபலன், அதன்கீழ் என் வசனப் படம், அதற்கு விழுந்த ஐந்தாறு ஆமென்கள். அவற்றின் நடுவே மங்கலான ஒரு புகைப்படமும் இரண்டு வரிகளும் இருந்தன: மல்லிகைச் செடியின் இலை மஞ்சளாகி மொட்டு உதிர்கிறது, என்ன செய்யலாம்? ஒருவரும் பதில் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே மறுபடியும் கேட்டிருந்தார். அப்போதும் பதில் இல்லை. பின்பு அவர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

ஆசிரியையிடம் எண்ணைப் பெற்று அவரை அழைத்தேன். நம் ஆலயத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது செடி முற்றிலும் காய்ந்திருந்தது. தொட்டியின் அடித்துளை அடைபட்டு, நீர் தேங்கி, வேர் அழுகியிருந்தது. தொடக்கத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம். அது அவருடைய மனைவி வைத்த செடி. அந்த அம்மையார் இறந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது.

"செடி போனது போகட்டும் ஐயா. வீட்டில் பேச ஆள் இல்லை. அங்கே கேட்டால் யாராவது பேசுவார்கள் என்று நினைத்தேன்" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "தினமும் காலையில் படம் போடுகிறவர் நீங்கள்தானே?" என்று கேட்டார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எனக்கோ தலைநிமிர்ந்து ஆம் என்று சொல்ல இயலவில்லை.

பிரியமானவர்களே, இத்தகைய செய்திகளுக்கு 'ஸ்பேம்' என்ற பெயர் வந்த கதையை அதன் பின்னரே படித்தேன். 1970-ஆம் ஆண்டு பிரிட்டன் தொலைக்காட்சியில் வந்த ஒரு நகைச்சுவைக் காட்சியில், உணவகத்தில் இருக்கும் ஒரு கூட்டத்தார் தகரப்பெட்டி இறைச்சி ஒன்றின் பெயரைத் திரும்பத் திரும்பப் பாடி, மற்றவர்களின் பேச்சே கேட்காதபடி செய்துவிடுகிறார்கள். பெயர் அங்கிருந்து பிறந்தது.

அதைவிட என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. இன்றைய சமூக ஊடகங்களுக்கு முன்னர் 'யூஸ்நெட்' என்ற விவாத வலை இருந்தது. தோட்டக்கலை, சமையல், தபால்தலை சேகரிப்பு என ஒவ்வோர் ஆர்வத்துக்கும் அதில் தனித்தனிக் குழுக்கள் உண்டு. 1994 ஏப்ரலில் அமெரிக்க வழக்கறிஞர் தம்பதியர் தங்கள் கிரீன் கார்டு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் போட்டது பெரும் கோபத்தைக் கிளப்பியது. ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பே, அதே ஆண்டு ஜனவரியில், வேறொரு செய்தி அக்குழுக்களுக்குள் மொத்தமாய்க் கொட்டப்பட்டிருந்தது. யூஸ்நெட்டின் முதல் பெரிய ஸ்பேம் என்று அதையே குறிப்பிடுகிறார்கள். அது எந்தப் பொருளின் விளம்பரமும் அல்ல. இயேசு சீக்கிரமாய் வருகிறார் என்ற அறிவிப்பு.

அந்த அறிவிப்பை நாம் விசுவாசிக்கிறோம். ஆயினும் மெய்யான செய்திகூட, கேட்பவர் யார், அவர் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பாராமல் கொட்டப்படும்போது இரைச்சலாகிவிடுகிறது. அன்பில்லாத பேச்சைப் பரிசுத்த பவுல் வெண்கலத்தின் சத்தத்துக்கு ஒப்பிட்டது இதனால்தான். வெண்கலம் பொய் சொல்வதில்லை; ஆனால் அதனால் ஒருவர் சொல்வதைக் கேட்க முடியாது.

எரிகோவின் வழியருகே பர்திமேயு கூப்பிட்டபோது அவனை அதட்டி அடக்கப் பார்த்தவர்கள் யார்? இயேசுவோடு நடந்துகொண்டிருந்த கூட்டத்தார். ஆண்டவரின் பின்னே செல்கிறோம் என்ற நினைவே அவர்களுடைய செவியை அடைத்துவிட்டது. ஆண்டவரோ எருசலேமை நோக்கி, சிலுவையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவர், ஒரு மனிதனுக்காக நின்றார். அவன் குருடன் என்பது கண்ணுக்குத் தெரிந்தும், தாம் அவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று அவனிடமே கேட்டார். அவர் கொடுத்த பார்வைக்கு முன்னே அவர் கேட்ட கேள்வி இருந்தது.

இந்த வாரம் உங்கள் கைப்பேசியை எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் கிட்டாது என்று மிரட்டும் செய்திகளை உங்களோடு நிறுத்திவிடுங்கள். நம் தேவன் அப்படிப்பட்டவர் அல்லர். அறிமுகமானவரின் எண்ணிலிருந்து விபரீதமான விளம்பரம் வந்தால், அதைத் தொடாதீர்கள். ஆனால் அவரை அழைத்து நலம் விசாரியுங்கள். உங்கள் ஆறு இலக்கக் குறியீட்டை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் பறிபோயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் தெரிவியுங்கள். பதில் கிடைக்காமல் கிடக்கும் ஒரு கேள்வி உங்கள் குழுக்களில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

நான் வசனப் படம் அனுப்புவதை அக்குழுவில் நிறுத்திவிட்டேன். அந்தப் பெரியவர் மீண்டும் குழுவில் சேரவில்லை. வியாழக்கிழமை மாலைகளில் நான் அவர் வீட்டுக்குப் போகிறேன். பெரும்பாலும் அவரே பேசுகிறார். சென்ற வாரம்தான் முதன்முறையாக, "உங்கள் கோவிலில் என்ன சொல்லி ஜெபிப்பீர்கள்?" என்று கேட்டார்.

ஜெபம்: வழியருகே கூப்பிட்டவனுக்காக நின்ற ஆண்டவரே, உமது நாமத்தைச் சொல்லிக்கொண்டே அயலானின் குரலை மூடிப்போட்ட எங்களை மன்னியும். பேசுமுன் கேட்கிற செவியை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.