காயலான் கடையில் குண்டு டிவி... கைபேசியில் பழைய மரியோ! - ஓசூரில் ஒரு ரவுண்டு

பெங்களூரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44-ல் வந்தால், அத்திப்பள்ளி தாண்டியதும் கடைப் பலகைகளில் கன்னட எழுத்து குறைந்து தமிழ் எழுத்து கூட ஆரம்பிக்கும். ஜூஜூவாடி வந்துவிட்டால் தமிழ்நாடு. அங்கிருந்து ஓசூர் பேருந்து நிலையம் வரை சாலையின் இரு பக்கமும் கம்பெனி காம்பவுண்டுகள், லாரிகள், டீக்கடைகள். 'ஹொச ஊரு' என்றால் கன்னடத்தில் புதிய ஊர். பெயரில் மட்டுமல்ல, ஊரே அப்படித்தான். 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட், அதே காலத்தில் அசோக் லேலண்ட் லாரி, சில ஆண்டுகள் கழித்து டைட்டன் கைக்கடிகாரம் என்று ஒவ்வொரு புதுப் பொருளாகப் பிடித்துக்கொண்டு வளர்ந்த ஊர் இது. 2019-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

இப்போதைய புதுப் பொருள், செல்போன். ஓசூர் பக்கத்தில் உள்ள டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் வெளிக்கூடு தயாராகிறது. வேலை செய்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பாகலூர் ரோட்டிலோ தளி ரோட்டிலோ நின்றால், ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனி பஸ்கள் போகும். ஜன்னலோரம் எல்லோர் கையிலும் போன். ரீல்ஸ், சீரியல், ஊருக்கு வீடியோ கால். நடுவில் யாராவது ஒருவர் மரியோவைக் குதிக்கவைத்துக் கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆண்ட்ராய்டு போன்களில் பழைய வீடியோ கேம் ஆடுவது பல வருடப் பழக்கம். ஐபோனில் மட்டும் கதவு மூடியிருந்தது. 2024 ஏப்ரலில் ஆப்பிள் தன் விதியைத் தளர்த்தியது. அதே மாதம் 'டெல்டா', அடுத்த மாதம் 'ரெட்ரோஆர்க்' என எமுலேட்டர் ஆப்கள் வரிசையாக வந்து சேர்ந்தன.

ஆனால், சின்ன வயதில் கேசட்டை ஊதி ஊதிச் செருகி 'கான்ட்ரா' ஆடியவர்கள், அதே கேமைப் போனில் திறந்ததும் முகம் சுளிப்பார்கள். மரியோ கட்டம் கட்டமாக நிற்பார். மேகம் செங்கல் அடுக்கிய மாதிரி இருக்கும். 'இவ்வளவு மோசமாகவா இருந்தது?' என்று தோன்றும். நினைவு பொய் சொல்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். நினைவு சொல்வது சரிதான், மாறியது திரை.

இலவச டிவியின் கடைசி நிறுத்தம்

அந்தப் பழைய திரையைப் பார்க்க வேண்டுமா? ஓசூரில் அதற்குக் காயலான் கடைதான் மியூசியம். தொழிற்சாலை ஊர் என்பதால் இங்கே இரும்பு, பித்தளை, மோட்டார் என்று பழைய பொருள் வாங்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் குவியலில் அட்டைப் பெட்டிகளுக்கும் பழைய மிக்ஸிகளுக்கும் நடுவே 14 அங்குலக் கலர் டிவி ஒன்று கவிழ்ந்து கிடந்தால், அது எந்த வழியாக அங்கே வந்திருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

2006 தேர்தல் வாக்குறுதிப்படி, அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் அன்றைய முதல்வர் கருணாநிதி இலவச கலர் டிவி திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஐந்து ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான டிவிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போயின. எல்லாமே பின்பக்கம் பிதுங்கிய குண்டு டிவி. உலகம் தட்டைத் திரைக்கு மாறிக்கொண்டிருந்த வருடங்களில், பிக்சர் டியூப் டிவி இத்தனை வீடுகளுக்குள் ஒரே மூச்சில் நுழைந்தது இங்கேதான் என்று துணிந்து சொல்லலாம். சீரியல் பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் பிள்ளைகள் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை அதில் செருகி 'மீடியா', 'சாமுராய்' வகையறா கேம் பெட்டிகளை ஓட்டினார்கள். 2011-ல் ஆட்சி மாறி, டிவிக்குப் பதில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. மாணவர்களுக்கு லேப்டாப் வந்தது. பல வீடுகளில் முதல் தட்டைத் திரை அந்த லேப்டாப்தான். அதே மரியோவை அதில் திறந்தபோதுதான் பலருக்கும் அந்தக் 'கட்டம் கட்டமான' ஏமாற்றம் முதன்முதலில் நடந்தது.

காயலான் கடையில் அந்த டிவிக்கு மதிப்பு, உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருளுக்குத்தான். கண்ணாடி டியூபை யாரும் விரும்பி வாங்குவதில்லை. அதன் கூம்புப் பகுதிக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. கதிர்வீச்சு வெளியே வராமலிருக்க அன்று சேர்த்தது, இன்று உடைத்துக் கொட்டினால் மண்ணுக்குச் சிக்கல். பெங்களூர்க் கழிவால் தென்பெண்ணையில் நுரை பொங்குவதைக் கெலவரப்பள்ளி அணையில் வருடாவருடம் பார்க்கும் ஊருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2012 மே முதல் மின்கழிவு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன; டிவியும் அதில் அடக்கம். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுப்பதே முறை.

கீச்... என்ற அந்தச் சத்தம்

குண்டு டிவியில் படம் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். டியூபின் பின்னால் இருந்து எலெக்ட்ரான் கற்றை ஒன்று புறப்பட்டு, திரையின் உள்பக்கம் பூசிய பாஸ்பர் மீது இடமிருந்து வலமாகக் கோடு கோடாக ஓடும். நம் ஊர் முறையில் ஒரு நொடிக்கு 15,625 கோடுகள். டிவி ஓடும்போது 'கீச்' என்று மெலிதாக ஒரு சத்தம் கேட்குமே, அது இந்த வேகத்தின் சத்தம். வயது ஏற ஏற அந்த அளவு மெல்லிய ஒலி காதில் விழாது. தெருவில் நடக்கும்போதே எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று பேரன் சொல்லிவிடுவதும், தாத்தா நம்பாமல் முறைப்பதும் அதனால்தான்.

பழைய கேம் பெட்டிகள் இதில் ஒரு தந்திரம் செய்தன. டிவி நிகழ்ச்சி ஒற்றைப்படைக் கோடுகளையும் இரட்டைப்படைக் கோடுகளையும் மாற்றி மாற்றி நிரப்பும். கேம் பெட்டியோ ஒரே கோடுகள் மீதே திரும்பத் திரும்ப வரையும். அதனால் இரண்டு கோடுகளுக்கு நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளி நிற்கும். ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியோடு லேசாகக் கசியும். ஒரே ஒயரில் நிறமும் வெளிச்சமும் சேர்ந்து வருவதால் நிறங்களும் கலங்கும். இதெல்லாம் குறைகள். ஆனால், படம் வரைந்தவர்கள் இந்தக் குறைகளை மனதில் வைத்தே வரைந்தார்கள். வாய் வரையப் புள்ளி போதாது என்றுதான் மரியோவுக்கு மீசை வந்தது. முடிக்குப் பதில் தொப்பி. 1991-ல் வந்த 'சோனிக்' கேமின் அருவியைத் தட்டைத் திரையில் பார்த்தால் வெறும் செங்குத்துக் கோடுகள். குண்டு டிவியில் அந்தக் கோடுகள் கலந்து, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராக மாறும். தட்டைத் திரை அந்தப் படத்தைச் சுத்தமாகக் காட்டுகிறது. அந்தச் சுத்தம்தான் அதைக் கெடுக்கிறது.

ஒரு புள்ளிக்கு இருபது புள்ளி

இங்கேதான் 'ஷேடர்' வருகிறது. போனின் கிராபிக்ஸ் சிப்பில் ஓடும் குட்டி புரோகிராம் அது. திரையின் ஒவ்வொரு புள்ளியும் என்ன நிறத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் எரிய வேண்டும் என்று கடைசிக் கட்டத்தில் முடிவு செய்வது அதன் வேலை. பழைய நின்டெண்டோ படத்தின் அளவு 256-க்கு 240 புள்ளிகள். இன்றைய போன் திரையில் 2400-க்கு 1080 இருந்தால் மொத்தம் கிட்டத்தட்ட 26 லட்சம் புள்ளிகள். 240 வரிகள் அந்த 1080-ஐ நிரப்பும்போது, ஒரு பழைய புள்ளியின் இடத்தில் சுமார் 20 புதிய புள்ளிகள் உட்காரும். ஷேடர் இல்லாவிட்டால் இருபதும் ஒரே நிறத்தில் எரியும். அதுதான் செங்கல் கட்டம். ஷேடர் போட்டால் நடுவில் உள்ளவை பளிச்சென்றும் ஓரத்தில் உள்ளவை மங்கியும் எரியும், சில சிவப்பாக, சில பச்சையாக, சில நீலமாக. கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் குண்டு டிவி. நொடிக்கு 60 முறை, படம் விழும் ஒவ்வொரு புள்ளிக்கும் இந்தக் கணக்கு நடக்கிறது.

ரெட்ரோஆர்க் ஆப் இலவசம், விளம்பரமும் கிடையாது. கேமின் உரிமை மட்டும் அந்தந்த நிறுவனத்துடையது. ஆப் இலவசம் என்பதால் கேமும் இலவசம் ஆகிவிடாது. ஷேடர் பட்டியலைத் திறந்தால் பெயர்கள் தலைசுற்றவைக்கும். விலை குறைந்த போனுக்கு 'இசட்ஃபாஸ்ட் சிஆர்டி' போதும். நடுத்தரப் போனுக்கு 'சிஆர்டி ஜியோம்' அல்லது கிராபிக்ஸ் நிபுணர் டிமோதி லாட்டெஸ் எழுதிய 'சிஆர்டி லாட்டெஸ்'. 'சிஆர்டி ராயல்' பிரமாதமாக இருக்கும். ஆனால் போன் சூடாகும், பேட்டரி கரையும், ஷிஃப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் வரை சார்ஜ் நிற்காது. கோடுகள் சில தடித்தும் சில மெலிந்தும் தெரிந்தால், வீடியோ அமைப்பில் 'இன்டிஜர் ஸ்கேல்' என்பதை ஆன் செய்ய வேண்டும். 1080-ஐ 240-ஆல் வகுத்தால் நாலரை வருகிறது; அந்த அரைதான் வில்லன். ஆன் செய்ததும் படம் சரியாக நான்கு மடங்கில் நின்றுவிடும், ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு விழும். கறுப்புக் கோடுகளால் வெளிச்சம் குறையும் என்பதால் திரை வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளலாம்.

திரையை வளைத்துக் காட்டுவது, மூலையில் தூசி, கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் என்றெல்லாம்கூட ஷேடர்கள் உண்டு. அது மாப்பிள்ளைக்கு ஒட்டுமீசை வைப்பது போல. கோடும் கசிவும் போதும்.

இன்னொரு விஷயம் உண்டு. ஒரு ஷேடர் சரியா தவறா என்று எதை வைத்துச் சொல்வது? அதை எழுதுபவர்கள் உண்மையான டியூப் டிவியைப் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். பிக்சர் டியூப் டிவி செய்வதைப் பெரிய கம்பெனிகள் நிறுத்தியாயிற்று. டியூப் தேய்ந்து போனால் மாற்ற வழியில்லை. இன்னும் இருபது வருடத்தில் ஒப்பிட அசலே இருக்காது. நகல்தான் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும்.

நகலால் முடியாத வேலையும் ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் துப்பாக்கியால் வாத்து சுடும் கேம் ஞாபகம் இருக்கிறதா? விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கியின் உள்ளே இருப்பது ஒரு ஒளி உணரி. அது வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். தட்டைத் திரை அந்தக் கட்டத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டுவதால் துப்பாக்கி ஏமாந்துவிடும். எந்த ஷேடர் போட்டாலும் வாத்து பறந்து போய்விடும்.

வாத்தைச் சுட்டே தீர வேண்டும் என்பவர்கள் தேட வேண்டிய இடங்கள்: ஓசூரின் பழைய பொருள் கடைகள், பரண்கள், அல்லது சுமார் 40 கிலோமீட்டர் பஸ் பயணத்தில் பெங்களூரின் எஸ்.பி. ரோடு. வாங்கும் முன் டிவியை ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. நிறம் மெதுவாக மங்கலாகத்தான் வருகிறதென்றால் டியூப் தேய்ந்துவிட்டது. பின்னால் ஏவி துளை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பின்மூடியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் தேங்கியிருக்கலாம். 14 அங்குலப் பெட்டியே பத்து கிலோ அளவுக்குக் கனக்கும், கனமெல்லாம் முகப்புக் கண்ணாடியில்தான். ஆட்டோவில் வைக்கும்போது அந்தக் கண்ணாடி சீட்டின் சாய்மானத்தைப் பார்த்து இருக்கட்டும்.