கையெழுத்துப் போட்டவர்கள்

திண்டுக்கல் சமவெளிக் கிராமங்களில் வி.ஏ.ஓ.வாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மத அடிப்படைவாதம் என்ற பேச்சு வந்தால் பலருக்கும் கோவைதான் ஞாபகம் வரும். 1997 நவம்பர் 29-இல் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டதும், அடுத்து வந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் செத்ததும், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் போனதும் யாராலும் மறக்க முடியாதவை. எனக்கு அதோடு சேர்ந்து தாலுகா ஆபீஸ் மாடியும் ஞாபகத்துக்கு வரும். அமைதிப் பேச்சுவார்த்தைகளை அங்கேதான் வைப்போம். ஊர் கெட்டுப்போவதை நான் கிட்டத்தில் பார்த்த இடம் அது.

எங்களிடம் வந்த தகராறுகளில் சாமியைப் பற்றியது குறைவு. மந்தைப் புறம்போக்கில் யார் பந்தல் போடுவது, தொழுகை நேரத்தில் ஊர்வலம் எந்தத் தெரு வழியே போவது, ரேடியோ செட்டின் குழாய் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது, இப்படித்தான் இருக்கும். நான் புலப்படத்தை விரித்து வைப்பேன். தாசில்தார் டீ சொல்லுவார். ஊர்ப் பெரியவரும் ஜமாத் தலைவரும் உபதேசியாரும் ஒருவரை ஒருவர் சின்ன வயசிலிருந்து தெரிந்தவர்கள். பூ மார்க்கெட்டிலோ தோல் ஷாப்பிலோ ஒன்றாக வேலை பார்த்திருப்பார்கள். "நீங்க அரை மணி தள்ளி வாங்க மாமா, நாங்க செட்ட நிறுத்திக்கிறோம்" என்பதோடு முடிந்துவிடும். மினிட்ஸ் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.

திண்டுக்கல் அப்படிப் பேசிப் பழகிய ஊர். மலைக்கோட்டைக்குக் கீழே பேகம்பூர் இருக்கிறது; ஹைதர் அலியின் தங்கை அமிருன்னிசா பேகம் அங்கே அடக்கமாகியிருக்கிறார், ஊர்ப்பெயரே அவரால் வந்தது. ஆகஸ்டில் முத்தழகுபட்டி செபஸ்தியார் கோயில் திருவிழாவுக்கு இந்துக்களும் நேர்ச்சைக் கிடா கொண்டுபோய் விடுவார்கள். ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாகக் கறிச்சோறு வெந்து, சாதி மதம் பார்க்காமல் பந்தி நடக்கும். அந்தப் பந்தியில் நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

ஒரு கிராமத்தில் விநாயகர் சதுர்த்தி ஊர்வலப் பாதை பிரச்சினையானது. கோயில் பெரியவர் ஒரு பூ வியாபாரி. பள்ளிவாசல் முக்கிலிருந்து தெருக்கோடி வரை மேளத்தை நிறுத்திக்கொண்டு போகிறோம் என்று ஒப்புக்கொண்டார். பதிலுக்கு ஜமாத் தலைவர், விநாயகர் தாண்டும் வரை எங்கள் பையன்களை நானே வாசலில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் விடியும்போது பெரியவர் வீட்டுச் சுவரில் 'இந்துத் துரோகி' என்று போஸ்டர். ஒட்டியவர்கள் வெளியூர், பசைவாளி தூக்கியது அவருடைய தம்பி மகன். நான் போனபோது அவர் திண்ணையில் உட்கார்ந்து, ஈரத்துணியால் ஊறவைத்து அதை உரித்துக்கொண்டிருந்தார். பாதி கிழிந்து பாதி சுவரோடு நின்றது. "சார், நான் மேளத்தத்தான் விட்டுக்குடுத்தேன். சாமிய விட்டுக்குடுக்கல" என்றார். அதற்குப் பிறகு கோயில் காரியங்களில் அவரை யாரும் கூப்பிடவில்லை.

ஜமாத் தலைவருக்கும் அவர் பக்கத்திலேயே இடி விழுந்தது. அந்த ஊர் தர்காவில் மஃரிபு தொழுகை முடிந்ததும் இந்துப் பெண்கள் சீக்கு வந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓதி ஊதிக்கொள்ள நிற்பார்கள். தர்காவுக்குப் போவதும் சந்தனக்கூடு எடுப்பதும் இணைவைப்பு என்று புதுசாகச் சொல்லவந்த இளைஞர்கள் அதை நிறுத்தச் சொன்னார்கள். தலைவர் மறுத்தார். 'மார்க்கம் தெரியாதவர்' என்று சொல்லி அவரைப் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். பிள்ளைகளோடு வந்த தாய்மார்களும் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இதிலிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன். அடிப்படைவாதி முதலில் கைவைப்பது சொந்த மதத்துக்காரன் மேல். விட்டுக்கொடுக்கத் தெரிந்த ஆளை அவன் பேசவிடாமல் செய்கிறான். எதிர்த் தெருவுக்காரன் கணக்கு அதற்குப் பிறகுதான். இரண்டு பக்கமும் அந்த ஆட்கள் ஒதுக்கப்பட்டால், மிச்சமிருக்கிற இளைஞர்களுக்கு ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடத் தெரியாது.

அரசியல் கெடுவதும் இதே வழியில்தான். முன்னெல்லாம் கட்சிக் கிளைச் செயலாளர் தானாகவே பேச்சுவார்த்தைக்கு வருவார். அவருக்கு இரண்டு தெரு ஓட்டும் வேண்டும். போஸ்டர் காலம் வந்ததும் போனில் பேசுகிறார்: "நான் சொன்னேன்னு தெரிய வேணாம் சார்." எந்தக் கட்சியானாலும் இதே கதைதான். ஒரு தெருவின் பயத்தை வளர்த்தால் அந்தத் தெரு ஓட்டு மொத்தமாக விழும் என்று கண்டுகொண்ட கட்சிக்காரருக்கு இன்னொரு தெருவுக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. கட்சிக்காரர்கள் ஒதுங்கினால் பாரம் அதிகாரி தலையில் விழுகிறது. அதிகாரி தடை உத்தரவு போடுகிறார். தடையை எதிர்த்து உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போகிறது. தீர்ப்பு வந்தாலும் தகராறு தீர்ந்துவிடுவதில்லை.

மதுரைக்குப் பக்கத்துத் திருப்பரங்குன்றம் மலையில் கோயிலுக்கு எது, பள்ளிவாசலுக்கு எது என்று பிரிவி கவுன்சில் 1931-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் 2025 டிசம்பரில் கார்த்திகை தீபத்தை எங்கே ஏற்றுவது என்ற கேள்வி, உத்தரவிட்ட நீதிபதியை நீக்கக் கோரி நூற்றுக்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் நோட்டீஸ் கொடுக்கும் அளவுக்குப் போனது.

எங்கள் பக்கத்து என்.பஞ்சம்பட்டியிலும் 2025-இல் அப்படி ஒன்று வந்தது. காளியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பொது மைதானத்தில் அன்னதானம் போட அனுமதி கேட்டார்கள். அது ஈஸ்டருக்கு நூறு ஆண்டுகளாக நாங்கள் பயன்படுத்தும் இடம் என்று கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். தாசில்தார் மறுத்தார். உயர்நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. சட்டப்படி அது சரி என்றே நான் நினைக்கிறேன். அரசு நிலத்தை ஒரு மதத்துக்கு மட்டும் என்று பூட்டி வைக்க முடியாது. மறுத்த தாசில்தாரின் பயத்தையும் நான் அறிவேன். சோறு போடுவதற்கு ஹைகோர்ட் வரை போகவேண்டியிருந்ததுதான் எனக்கு வேதனை. முத்தழகுபட்டியும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள் சில நேரம் போன் பண்ணி யோசனை கேட்பார்கள். மினிட்ஸ் எழுதுவதைப் பற்றி நான் அதிகம் சொல்வதில்லை. கையெழுத்துப் போட்ட பெரியவர் வீட்டுக்கு மறுநாள் காலையிலேயே போங்கள் என்பேன். இன்ஸ்பெக்டரையும் கட்சிக்காரர்களையும் கூடவே கூட்டிப்போய், தெரு பார்க்க அவர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்கிறேன். சுவரில் போஸ்டர் இருந்தால் அவரை உரிக்க விடாதீர்கள், நீங்களே உரியுங்கள் என்றும் சொல்கிறேன்.