உண்டியலில் விழுந்த ஐம்பது சதம்

கொட்டாஞ்சேனையில் நான் வளர்ந்த வீட்டின் முன்னறை மேசையில் ஒரு சிறு தகர உண்டியல் இருந்தது. எங்கள் ஆலயத்தின் ஞாயிறு பாடசாலையில் பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்த உண்டியல்களில் அதுவும் ஒன்று. மேலே நாணயம் விழுவதற்கு ஒரு பிளவு. பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் படம். மலைநாட்டுத் தோட்டங்களில் ஊழியம் செய்த உபதேசியார் ஒருவரின் செலவுக்குச் சபையின் சிறுவர்கள் ஆண்டு முழுவதும் சேமித்துக் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஆண்டு முடிவில் உண்டியல்களை உடைத்து எண்ணுவார்கள். அதிகம் சேர்த்த பிள்ளைக்கு ஒரு புத்தகம் பரிசு.

1970-ஆம் ஆண்டில் எனக்குப் பத்து வயது. சதுர வடிவான ஐந்து சத நாணயங்களை ஒவ்வொன்றாக அந்தப் பிளவிலே போட்டு, உண்டியலைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. அக்காலத்தில் அந்த உண்டியலின் மேல் படியும் தூசியைத் தினமும் துடைத்து வைத்தவள், எங்கள் வீட்டில் வேலைக்கு நின்ற ஒரு சிறுமி. அவளுக்கு என்னைவிட இரண்டு வயது கூடுதலாக இருக்கலாம். ஹற்றனுக்கு அப்பால் ஏதோவொரு தோட்டத்திலிருந்து வந்தவள். பாத்திரம் கழுவுவாள், முற்றம் கூட்டுவாள், இரவில் சமையலறையில் பாய் விரித்துப் படுப்பாள். சில மாதங்களுக்கொரு முறை அவளுடைய தகப்பனார் வருவார். பின்வாசற்படியில் அமர்ந்து தேநீர் அருந்திவிட்டு, மகளின் சம்பளத்தை என் தாயாரிடம் பெற்றுக்கொண்டு அன்று மாலையே புறப்பட்டுவிடுவார்.

ஒருமுறை அவர் போகும்போது மகளின் கையில் ஐம்பது சதம் வைத்துவிட்டுப் போனார். அன்று இரவு அவள் உண்டியலருகே வந்து நின்றாள்.

“தம்பி, இதுல போடுற காசு எங்க போகும்?”

ஞாயிறு பாடசாலையில் சொல்லிக்கொடுத்ததை நான் அப்படியே ஒப்புவித்தேன்: “தோட்டத்துப் பிள்ளைகளுக்கு.”

“அப்ப எங்க தோட்டத்துக்கும் போகுமா?”

“போகும்” என்றேன்.

அவளுக்கு ஊரிலே ஒரு தம்பியும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். அவள் சற்று நேரம் யோசித்தாள். பிறகு அந்த ஐம்பது சதத்தைப் பிளவிலே விட்டாள். அது அடியில் விழுந்த ஓசை, ஐந்து சதத்தின் ஓசையைவிடக் கனமாக இருந்தது.

அந்த ஆண்டு பரிசு எனக்குத்தான் கிடைத்தது. ஆலயத்தில் என் பெயரை வாசித்தபோது நான் எழுந்து சென்று புத்தகத்தைப் பெற்றுக்கொண்டேன். சபையார் மகிழ்ந்தனர். அவள் ஆலயத்துக்கு வருவதில்லை. ஞாயிறு பகலுணவு ஆக்குவதற்கு வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. எந்தப் பிள்ளைகளுக்காக நாங்கள் நாணயம் சேர்த்தோமோ, அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி எங்கள் சமையலறையிலேயே இருந்தாள் என்பது எனக்கோ, என் பெற்றோருக்கோ, பரிசு தந்த பெரியவர்களுக்கோ தோன்றவில்லை. நாங்கள் தீயவர்கள் அல்லர். ஆனால் எங்கள் இரக்கம் உண்டியலின் மேல் ஒட்டிய படத்தைக் கண்டதே தவிர, அதைத் துடைத்த கையைக் காணவில்லை.

இந்த உண்டியலுக்கு ஒரு நெடிய சரித்திரம் உண்டு என்பதைப் பிற்காலத்தில் அறிந்தேன். பிரான்சிலே பட்டு நெசவுக்குப் பேர்போன லியோன் நகரில் 1822-இல் போலின் ஜரிக்கோ என்ற இளம்பெண் முன்னின்று வளர்த்த முயற்சி ஒன்று, வேதபோதக சபையாக உருப்பெற்றது. அவளுடைய முறை மிக எளிது. ஒருவர் பத்துப் பேரைச் சேர்ப்பார். ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு ‘சூ’, அதாவது மிகச் சிறிய செப்பு நாணயம் ஒன்று, கொடுப்பர். பட்டாலைத் தொழிலாளரே முதலில் அவ்வாறு கொடுத்தோர். அதே நகரின் பட்டு நெசவாளர்தாம் 1831-இல் நியாயமான கூலி கேட்டுக் கிளர்ந்தெழுந்து, ஐரோப்பியத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இடம்பெற்றனர். சிறு தொகையைச் சிறு குழுக்களாகச் சேர்த்துப் பெருஞ்சக்தியாக்கும் வித்தை, கோயிலுக்கும் தொழிற்சங்கத்துக்கும் பொதுவானது என்பதை இங்கே காண்கிறோம்.

பிள்ளைகளை இப்பணிக்குத் திரட்டியதும் அந்நூற்றாண்டில்தான். 1843-இல் பிரெஞ்சு ஆயர் போர்பன் ஜான்சன் தொடங்கிய திருப்பாலத்துவ சபை, நாளுக்கொரு செபமும் மாதத்துக்கொரு சிறு நாணயமும் பிள்ளைகளிடம் கேட்டது. கொட்டாஞ்சேனையில் சாந்த லூசியா தேவாலயத்தின் நிழலில் வாழ்ந்த என் கத்தோலிக்கத் தோழர்களுக்கு அந்தச் சபை பழக்கமானது. இங்கிலாந்தின் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் 6,000 பவுணுக்கு மேல் சேர்த்துக் கொடுத்ததால் 1844-இல் ‘ஜோன் வில்லியம்ஸ்’ என்ற மிஷனரிக் கப்பல் பசிபிக் தீவுகளுக்குப் புறப்பட்டது. 1856-இல் அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பத்துச் சதப் பங்குகள் விற்று ‘மோர்னிங் ஸ்டார்’ என்னும் கப்பலைக் கட்டினார்கள். அதைக் கட்டிய சங்கமே யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனையும் நடத்தியது. 1841-இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய ‘உதயதாரகை’ப் பத்திரிகையின் ஆங்கிலப் பெயரும் அதுவே.

நம்மவரும் வாங்குவோராக மட்டும் இருந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே பணம் சேர்த்து, கடலுக்கு அப்பால் இராமநாதபுரச் சீமையின் தொண்டிக்கு ஊழியரை அனுப்பினர். 1902-இல் யாழ்ப்பாணம் வந்த வேதநாயகம் அசரியா இம்முயற்சியைக் கண்டு வெட்கமும் ஊக்கமும் கொண்டார். வெள்ளையர் பணத்தை எதிர்பார்த்திருந்த திருநெல்வேலித் திருச்சபையில், மறு ஆண்டிலேயே இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. உள்ளூர் மக்களின் கொடையாலேயே நடக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. அடிமைப்பட்ட ஒரு நாட்டில் ‘எங்கள் காரியத்தை எங்கள் காசால் செய்வோம்’ என்று கூறுவது வெறும் பக்தி மட்டுமன்று. அது சுயமரியாதையின் குரலுமாகும்.

ஆனால் தோட்டத்து ஊழியத்தின் கதையை நோக்கும்போது மனம் கசக்கிறது. கோப்பித் தோட்டங்களில் வேலை செய்த தமிழருக்கென 1854-இல் தொடங்கிய பணிக்கு இட்ட பெயரே ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பதாகும். அதற்குத் தோட்டத் துரைமார்களும் பணம் கொடுத்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் மலையேறி, லயங்களில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். அந்த நன்றியை நான் மறுக்கமாட்டேன். எனினும், கூலியைக் குறைத்தவரும் ஆன்மாவுக்குக் கொடை கொடுத்தவரும் பல இடங்களில் ஒருவரே என்பதை எந்த ஞாயிறு பாடசாலையும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியதையும் யாரும் சொல்லவில்லை. உண்டியலில் ஒட்டிய தாளில் அந்தப் பெண்ணின் கூடைக்கு இடமிருந்தது; அவள் இழந்த வாக்குரிமைக்கு இடமிருக்கவில்லை.

1971-இல் அவளுடைய தகப்பனார் கடைசியாக வந்தார். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று இரு அரசுகளும் மனிதரைப் பங்கு போட்டிருந்தன. அவருடைய குடும்பம் இந்தியாவின் பங்கில் விழுந்தது. பின்வாசற்படியில் மகளை அழைத்துக்கொண்டு அவர் நின்றார். தலைமன்னாரில் கப்பலேற வேண்டும் என்றார். என் தாயார் ஒரு பழஞ்சேலையும் பத்து ரூபாயும் கொடுத்தார். அவள் என்னிடம், “தம்பி, போயிட்டு வாறேன்” என்றாள். வரமாட்டாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அப்போதும் உண்டியல் மேசையில்தான் இருந்தது. அன்று காலையும் அவள் அதைத் துடைத்திருந்தாள்.

வாலிபத்தில் நான் ஆசிரியனானேன், தொழிற்சங்கத்தில் சேர்ந்தேன். அக்காலத்தில் ‘உண்டியல் குலுக்குவது பிள்ளைகளை மயக்கும் வேலை’ என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். கைதட்டலும் கிடைத்தது. இன்று அப்பேச்சை முழுமையாக ஏற்க என்னால் இயலவில்லை. ஏனெனில் அந்தச் சிறுமியின் ஐம்பது சதம் மயக்கத்தில் விழுந்ததன்று. தம்பி தங்கையரின் நினைவில் விழுந்தது. அந்த ஆண்டு உண்டியலில் விழுந்த நாணயங்களில், தான் யாருக்குக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுத்தது அது ஒன்றுதான். பிள்ளைகளைக் கொடுக்கப் பழக்கியது குற்றமன்று. கொடுப்பதற்குப் பழக்கி, கேட்பதற்குப் பழக்காமல் விட்டதே குற்றம்.

கேட்கப் பழகிய இளைஞர் என்ன செய்வர் என்பதற்கு இதே கொழும்பில் ஓர் உதாரணம் உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் 11-ஆம் நாள், முதல் உலகப் போரின் நினைவாகச் செந்நிறப் பொப்பி மலர்களை விற்றுப் பணம் திரட்டுவார்கள். அதில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே சென்றது. ‘நம் தெருவில் திரட்டும் பணம் ஏன் கடல் கடக்கவேண்டும்?’ என்று கேட்ட வாலிபர் சங்கத்தினர், 1933-இல் அதே நாளில் சூரியமல் விற்கும் இயக்கத்தை நடத்தினர். சூரியமல் என்பது நம் பூவரசம் பூவேயாகும். அவர்களுக்குத் தலைமை தாங்கிய டொரீன் யங் ஓர் ஆங்கிலப் பெண்மணி என்பது நினைக்கத்தக்கது. அந்த ஆண்டிலேதான் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தமும் நடந்தது. 1934–35-இல் மலேரியா நாட்டைச் சூறையாடியபோது, சூரியமல் தொண்டர்கள் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் கொடுத்தார்கள். அங்கே அவர்கள் கண்டது நோயை மட்டுமன்று. நோய்க்கு இரையாகும்படி மக்களை மெலியவைத்த பசியையும்தான். கையில் பெட்டியோடு தெருவில் நின்ற அந்த இளைஞர்களுட் பலர், 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தவர்களுள் இருந்தனர்.

இப்போது நான் வெள்ளவத்தையில் மகள் வீட்டில் வசிக்கிறேன். என் பேத்தி செல்லும் ஞாயிறு பாடசாலையிலும் மிஷனரித் தாங்குதல் நடைபெறுகிறது. தகர உண்டியலுக்குப் பதிலாகக் காகித உறை; படத்துக்குப் பதிலாக, மலையகத்தில் ஊழியம் செய்யும் ஒரு குடும்பத்தின் புகைப்படம். வாலிபர்கள் கேக் விற்றும் பழைய புத்தகம் விற்றும் பணம் சேர்க்கிறார்கள். அண்மையில் மிஷனரி ஞாயிறன்று, பழைய ஆசிரியன் என்பதால் என்னையும் பிள்ளைகளிடம் சில வார்த்தை பேச அழைத்தார்கள். நல்லுபதேசம் எதுவும் வாயில் வரவில்லை. ஐம்பது சதத்தின் கதையைச் சொன்னேன். பரிசு வாங்கியதையும் மறைக்கவில்லை.

சொல்லி முடித்ததும் மண்டபம் அமைதியாக இருந்தது. என் பேத்திதான் கேட்டாள்:

“அந்தக் காசு அந்த அக்காவின்ர தோட்டத்துக்குப் போனதோ, அம்மப்பா?”

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் என்னிடம் கேட்கத் துணியாத கேள்வி அது.

“தெரியாது, பிள்ளை. போகும் எண்டு நான் சொன்னன். விசாரிச்சுப் பார்க்கேல்லை” என்றேன்.

பின்வரிசையில் இருந்த ஒரு வாலிபன் எழுந்து, “அப்படியெண்டால் நாங்கள் விசாரிச்சுப் பார்ப்பம்” என்றான். அந்த மாதத்துப் பணத்தோடு அவர்கள் ஒரு கடிதமும் எழுதினார்கள். லயத்திலிருந்து பாடசாலை எவ்வளவு தூரம்? மழைக்காலத்தில் பிள்ளைகள் எப்படிச் செல்கிறார்கள்? நாட்கூலி 1000 ரூபாய் வேண்டுமென்று பல ஆண்டுகள் போராடி 2021-இல் பெற்றார்களே, அந்த ஊரில் அது ஒழுங்காகக் கைக்கு வந்ததா? கொழும்பில் வீட்டு வேலைக்கு வந்த பிள்ளைகள் யாராவது அங்கே உண்டா? இவ்வாறு நான்கு கேள்விகள். சபையின் மூத்தவர்களில் ஒருவர், “மிஷனரிக்கு எழுதும் கடிதத்தில் கூலிக் கதை எதற்கு?” என்று முகஞ்சுளித்தார். போதகர் கடிதத்தை இருமுறை வாசித்துவிட்டு, ஒரு சொல்லையும் மாற்றாமல் கையொப்பமிட்டார்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, பிள்ளையின் கையில் நாணயத்தைக் கொடுத்து உண்டியலைக் காட்டுவது எளிது. அந்த நாணயம் செல்லும் பாதை நெடுக அந்தப் பிள்ளையின் கண்ணும் செல்லவேண்டும். அவ்வாறு சென்றால், அந்தக் கண் மிஷனரியின் வீட்டோடு நிற்காது. லயத்தைக் காணும், கூலிச் சீட்டைக் காணும், தன் வீட்டுச் சமையலறையையும் திரும்பி நோக்கும். அது பெரியோர்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். எனக்கும் இருந்தது.

கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுமுன் என் பேத்தி அதை வாங்கி, அடியில் தன் கையெழுத்தால் ஐந்தாவது கேள்வியொன்றைச் சேர்த்தாள்: “அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு எங்களிடம் கேட்க ஏதாவது கேள்வி இருக்கிறதா?”

பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.