பாட்டி... இதுல முந்திரி இருக்கா?

பண்ருட்டி - கடலூர் பஸ். நெல்லிக்குப்பம் தாண்டி கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். ஜன்னலோர சீட்டில் என் அக்கா பையன். நாலு வயசு வாண்டு. பக்கத்தில், 'மாமா' என்கிற பெரிய பதவியில் நான்!

முன் சீட்டுப் பாட்டி ரொம்ப நேரமாகத் திரும்பித் திரும்பி இவனைக் கொஞ்சிக்கொண்டே வந்தார். திடீரென்று பையைத் திறந்து ஒரு லட்டை எடுத்து, ''இந்தா ராசா'' என்று நீட்டினார். நம்ம ஆள் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ரொம்ப சீரியஸாகக் கேட்டான்.

''பாட்டி... இதுல முந்திரி இருக்கா?''

பாட்டிக்கு முகமெல்லாம் சந்தோஷம். ''முந்திரியா வேணும் எஞ் சாமிக்கு? இரு இரு...'' என்று மஞ்சப் பைக்குள் கையை விட்டு, ஒரு பொட்டலத்தைப் பிரித்து, கை நிறைய வறுத்த முந்திரியை அள்ளி நீட்டிவிட்டார்!

பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அவன் வாய்க்கும் அந்தக் கைக்கும் நடுவில் என் தலையை நுழைத்து, ''பாட்டி, இவனுக்கு முந்திரி ஆகாது'' என்றேன். பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ''முந்திரி ஆகாதா? பண்ருட்டிக்காரப் புள்ளைக்கா?''

அதுதாங்க எங்க பிரச்னையே. பலாவுக்கும் முந்திரிக்கும் பேர் போன ஊரில் பிறந்துவிட்டு, முந்திரி அலர்ஜியோடு வளர்கிறான் எங்க வாண்டு. எங்க ஊரில் முந்திரி என்பது வெறும் பருப்பு இல்லை. கல்யாணத்துக்கு வெச்ச பணம் அது. காலேஜ் ஃபீஸ் அது. 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் கரையைக் கடந்தப்போ எனக்கு ஆறு வயசு. மறுநாள் தோப்பில் வேரோடு சாய்ந்து கிடந்த முந்திரி மரங்களைப் பார்த்து எங்க ஆயா மண்ணில் உட்கார்ந்து அழுதது இன்னும் ஞாபகம் இருக்கு. அப்புறம் கன்னு வெச்சு, தண்ணி ஊத்தி, மறுபடி ஆளாக்கின மரங்கள்தான் இப்போ காய்க்குது. ஊரில் யாராவது ஒரு குழந்தையைப் பார்த்து ஆசையாக ஏதாவது கொடுக்கணும்னா, கை தானாக முந்திரிக்குத்தான் போகும்.

வாண்டுக்கு ஒண்ணே கால் வயசு இருக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. 'புள்ள இளைச்சுப் போச்சே' என்று எங்கம்மா கஞ்சியில் முந்திரியை அரைத்துக் கலந்து ஊட்டினார். பத்து நிமிஷம்கூட ஆகலை. உதடு வீங்கியது. கழுத்திலும் முதுகிலும் தடிப்பு தடிப்பாகக் கிளம்பியது. வாந்தி. அப்புறம் 'விஸ்ஸ்...' என்று இழுப்பு. ஆட்டோ பிடித்து ஓடினோம். பிழைத்தான்.

பிறகு புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்திப் பார்த்தார். முந்திரி வைத்த இடத்தில் கொசு கடித்த மாதிரி பெரிய தடிப்பு. பிஸ்தாவுக்கும் அப்படியே. ரெண்டும் ஒரே தாவரக் குடும்பமாம். ஒண்ணு ஆகாதவங்களுக்குப் பெரும்பாலும் இன்னொண்ணும் ஆகாதாம். மாமரமும் அதே குடும்பம்தான். ஆனா, மாம்பழம் நம்ம ஆளை ஒண்ணும் பண்றதில்லை. ரெண்டு பழத்தை ஒரே மூச்சில் முடிப்பான்.

நான் படிக்கிறது இ.இ.இ. மூணாவது வருஷம். அதனால் எனக்குப் புரிந்த மாதிரி சொல்றேன். வீட்டில் ஷார்ட் சர்க்யூட் ஆனா மெயின் டிரிப் ஆகணும். அது பாதுகாப்பு. ஆனா, ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டதுக்கே தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சா? அலர்ஜி அதுதான். முந்திரியில் இருக்கிற ஒரு புரதத்தை எதிரின்னு நினைச்சு, உடம்பு தன்கிட்ட இருக்கிற அத்தனை ஆயுதத்தையும் எடுத்து வீசுது. தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் விழறது... எல்லாமே அந்தச் சண்டையில் நடக்கிற சேதம்தான். 'அலர்ஜி' என்கிற வார்த்தையை 1906-ல் உருவாக்கினவர் வியன்னாவைச் சேர்ந்த குழந்தைகள் டாக்டர் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே. எங்க தெருவுக்கு அந்த வார்த்தை வந்து சேர நூறு வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கு.

எங்கம்மா அன்னிக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, ''நான் சின்ன வயசுலயே குடுத்ததாலதான் வந்துடுச்சா சார்?'' என்று கேட்டு அழுதார். ''இல்லம்மா'' என்றார் டாக்டர். 2015-ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றைப் பற்றிச் சொன்னார். அலர்ஜி வர வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளில், கைக்குழந்தையா இருக்கும்போதே வேர்க்கடலை கொடுத்துப் பழக்கினவங்களுக்குத்தான் கடலை அலர்ஜி ரொம்பக் குறைவா வந்துச்சாம். ''நீங்க தப்பு பண்ணலை'' என்று ரெண்டு தடவை சொன்னார். அம்மா தலையாட்டினார். ஆனா, அந்தக் கஞ்சிக் கிண்ணத்தை மட்டும் அதுக்கப்புறம் நாங்க பார்க்கவே இல்லை.

டாக்டர் கொடுத்த ஆயுதம் ரெண்டு அட்ரினலின் ஆம்ப்யூல், ரெண்டு சிரிஞ்ச். வெளிநாட்டில் தொடையில் வெச்சு அழுத்தினாலே போதும்கிற மாதிரி பேனா டைப் ஊசி இருக்காம். எங்களுக்குக் கிடைத்தது இதுதான். இவன் எடைக்கு எவ்வளவு மருந்துன்னு சிரிஞ்சில் மார்க்கரால் கோடு போட்டுத் தந்தார். மூச்சு இழுத்தா, குரல் மாறினா, துவண்டா யோசிக்கவே கூடாது. தொடையின் வெளிப்பக்கம் ஊசி, உடனே 108. அரிப்பு மாத்திரை கொடுத்துட்டுக் காத்திருக்கிறது மட்டும் கூடவே கூடாது. என் பத்தாம் வகுப்பு ஜியாமெட்ரி பாக்ஸ்தான் இப்போ அந்த மருந்துப் பெட்டி. காம்பஸ் இருந்த இடத்தில் பஞ்சு சுத்தின ஆம்ப்யூல். நானும் அக்காவும் சாத்துக்குடியில் ஊசி குத்திக் குத்திப் பழகினோம். வீட்டில் யாருக்கும் ஜூஸ் கிடைக்கலை.

ஊசிகூடப் பழகிடுச்சு. 'வேண்டாம்' என்று சொல்வதுதான் இன்னும் பழகலை. யோசித்துப் பாருங்க... நம்ம ஊரில் முந்திரி இல்லாத நல்ல நாள் உண்டா? பொங்கல், கேசரி, பாயசம், லட்டு. ஹோட்டலில் வெள்ளைக் குருமா, பன்னீர் பட்டர் மசாலா... எல்லாத்திலும் அரைத்து ஒளிந்திருக்கும். பாக்கெட் அயிட்டம்னா பரவாயில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிப்படி பால், முட்டை, வேர்க்கடலை, பருப்புக் கொட்டை வகைகள் எது இருந்தாலும் லேபிளில் சொல்லியாகணும். எறும்பு சைஸ் எழுத்தில்தான் இருக்கும். ஆனா, இருக்கும். பேக்கரிக் கண்ணாடிக்குள் இருக்கிற கேக்கும், தட்டில் அடுக்கின ஸ்வீட்டும்தான் ஆபத்து. அக்காவோட சட்டம் ஒரே வரி. ''லேபிள் இல்லைன்னா வாயும் இல்லை!''

திருவதிகை கோயிலுக்குப் போனால் சர்க்கரைப் பொங்கல் தொன்னையோடு நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். ''சாமி பிரசாதம் ஒண்ணும் பண்ணாதும்மா!'' அம்மாவுக்குத் தர்மசங்கடம். வாங்கினா பேரனுக்குப் பயம், வாங்காட்டா சாமிக்குப் பயம். அப்பருடைய சூலை நோயைத் திருநீறால் தீர்த்த கோயில் அது. தம்பிக்கு அந்தத் திருநீறைக் கொடுத்தது அக்கா திலகவதியார். அதனால் அம்மா ஒவ்வொரு தடவையும் இவன் நெற்றியில் மட்டும் இல்லாமல், வயிற்றிலும் திருநீறு பூசிவிடுவார். வளர வளர இந்த அலர்ஜி போவது ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது அம்மாவுக்கும் தெரியும். பூசுவதை நிறுத்தலை. நானும் ஏன்னு கேட்கலை.

இப்போ என் கதை. இதை எழுதலாமா வேண்டாமான்னு மூணு நாள் யோசிச்சேன்.

போன மே மாசம். செமஸ்டர் லீவு. வெயில் கொளுத்துது. ''மாமா, ஐஸ்க்ரீம்!'' என்றான். பைக்கில் ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். வாசலில் நிற்கும்போதுதான் ஜியாமெட்ரி பாக்ஸ் ஞாபகம் வந்தது. உள்ளே போய் எடுக்கணும். 'பத்து நிமிஷம்தானே... வெறும் வெனிலாதானே...'

கடையில் ''வெனிலா'' என்று தெளிவாகத்தான் சொன்னேன். கடைக்கார அண்ணன் எங்களுக்கு முன்னால் நின்ற பொண்ணுக்கு பட்டர்ஸ்காட்ச் எடுத்த அதே கரண்டியைத் தண்ணியில் ஒரு முக்கு முக்கி, இவனுக்கு வெனிலா எடுத்தார். நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். கண்ணு பார்த்தது, மூளை பார்க்கலை. பட்டர்ஸ்காட்ச்சில் 'கறுக் மொறுக்'னு வர்றது என்னன்னு எனக்குத் தெரியாதா?

பாதி கோன் முடியலை. கழுத்தைச் சொறிந்தான். இருமினான். ''மாமா, தொண்டைல என்னமோ இருக்கு'' என்றான். அந்தக் குரல் அவன் குரல் இல்லை.

பாக்ஸ் வீட்டில். ஆஸ்பத்திரி வீட்டைவிடப் பக்கம். வண்டியை அங்கே விட்டேன். கடையில் நின்ற யாரோ ஒருத்தர் பின்னால் ஏறி அவனைப் பிடித்துக்கொண்டார். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. நர்ஸ் அக்கா தொடையில் ஊசி போட்டு, அவன் மூச்சு சீராகிற வரைக்கும் நான் என்ன பண்ணினேன்னு எனக்கே நினைவில்லை. கையில் உருகின கோனைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்னு அப்புறம் சொன்னாங்க. சரியான மாதிரி தெரிஞ்சாலும் சில மணி நேரம் கழிச்சுத் திரும்ப வரலாம் என்பதால், ராத்திரி முழுக்க அங்கேயே வைத்திருந்தார்கள்.

புதுச்சேரியில் வேலை பார்க்கிற அக்கா பஸ் பிடித்து ஓடி வந்தாள். திட்டுவாள்னு காத்திருந்தேன். அடிச்சிருந்தால்கூட நிம்மதியா இருந்திருக்கும். பையன் தலையைத் தடவிட்டு, என்னைப் பார்த்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாள்.

''டப்பா எங்கடா?''

இன்னிக்கு வரைக்கும் அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, க்ளாஸ்மேட் ஒருத்தனுக்கு போன் போட்டது. முதல் வருஷம் பிச்சாவரம் டூர் போனப்போ, சாப்பாட்டுக் கடையில், ''அண்ணே, இதே எண்ணெய்லதான் இறால் பொரிச்சீங்களா?'' என்று கேட்டுக்கிட்டே நின்னான். நாங்க எல்லாரும் 'சீன் பார்ட்டி'ன்னு ஓட்டினோம். 'இறால்'னு பேரே வெச்சோம். ஆரம்பிச்சு வெச்சது சாட்சாத் நானேதான்! போனில் ''ஸாரிடா'' என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ''பரவால்ல விடு மச்சான்... ஆனா, அந்தப் பேரை நீயே மாத்தி விடு'' என்றான். மாத்திக்கிட்டு இருக்கேன். பேர் வைக்கிறது ஒரு நிமிஷ வேலை. எடுக்கிறதுக்கு ரெண்டு செமஸ்டர் போதலை.

வர்ற ஜூனில் எல்.கே.ஜி. முதலில் போன ஸ்கூலில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ''நாங்க ஊசி போட்டு ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?'' என்றார்கள். அவங்க பயமும் நியாயம்தான். அக்கா வாக்குவாதம் பண்ணலை. அடுத்த ஸ்கூலில் அட்மிஷன் கிடைத்தது. பிறந்த நாள் சாக்லேட், பகிர்ந்து சாப்பிடும் டிபன் பாக்ஸ் எல்லாம் பேசி முடித்து நாங்க எழுந்தப்போ, க்ளாஸ் மிஸ் மெதுவாகக் கேட்டார். ''சாத்துக்குடியில பழகலாம்னு சொன்னீங்களே... எனக்கும் சொல்லித் தர்றீங்களா?'' போன சனிக்கிழமை வீட்டுக்கே வந்தார். முதல் தடவை கை நடுங்கியது. நாலாவது பழத்தில் நடுங்கலை.

ஆயாவைப் பத்திச் சொல்லலையே! எழுபது வயசுக்கு மேல ஆச்சு. முந்திரிப் பருப்பில் தோல் உரிக்கிறதுதான் ஆயாவோட சம்பாத்தியம். வெத்தலை பாக்குச் செலவுக்கு யார்கிட்டயும் கை நீட்டினதில்லை. முதலில் ஆயா இந்த அலர்ஜியை நம்பவே இல்லை. ''கொட்டை ஒடைச்சு ஒடைச்சு என் கையே வெந்து கெடக்கு. எனக்கு ஒண்ணும் ஆவலியே'' என்று வாதாடும். தோட்டில் இருக்கிற எண்ணெய்தான் கையைப் புண்ணாக்குது, இவனுக்கு எதிரி பருப்பில் இருக்கு, ரெண்டும் வேறன்னு எவ்வளவோ விளக்கினேன். ம்ஹூம்! ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துட்டு வந்த அன்னிக்கு, வீட்டில் இருந்த பருப்பு மூட்டையைத் தானே இழுத்துக்கொண்டு போய் எதிர் வீட்டுத் திண்ணையில் போட்டது.

இப்பவும் அங்கேதான் வேலை. வெயில் இறங்கினதும் எழுந்து வரும். நேரா குழாயடி. சானிடைசர் போதாது, சோப்பு போட்டுக் கழுவினாத்தான் போகும்னு சொல்லியிருக்கோம். முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு, அலசி, மறுபடி போட்டு அலசும். கறை ஏறின கை அது, கறுப்பாத்தான் இருக்கும். புடவையை மாத்திக்கிட்டு வாசப்படியில் வந்து உட்கார்ந்து, ரெண்டு கையையும் நீட்டும்.

வாண்டு மூக்கை நீட்டி, இன்ஸ்பெக்டர் மாதிரி ஒவ்வொரு விரலா மோந்து பார்ப்பான்.

''ம்... சோப்பு வாசனை வருது. இப்ப தூக்கு ஆயா!''