கோட்டு போடாத படம்

பையிலிருந்து கேமராவை எடுத்து மேசைமேல் வைத்ததும் பாட்டி கேட்டது ஒரே கேள்விதான்.

"எவ்வளவு வெள்ளிடா?"

"எண்ணூறு பாட்டி."

பொய். பழைய கேமராதான், ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்றது. ஆனாலும் ஈப்போவில் அதற்கு ஆயிரத்து நானூறு வெள்ளி கொடுத்திருந்தேன். சோனி ஏ6000. 2014இல் வெளிவந்த மாடல், நான் வாங்கியது 2018இல். பாட்டி அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எண்ணூறுக்கு இவ்ளோ லேசா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். எடை பார்த்து வாங்குபவர் அவர். லென்ஸ் இல்லாமல், பேட்டரியோடு அது வெறும் 344 கிராம்.

நான் கேமரா வாங்கியதற்குக் காரணம் அப்பா. 2013இல் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அப்பா தீமிதித்தார். அப்போது என்னிடம் இருந்தது சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன கேமரா, முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கியது. பகலில் அருமையாக எடுக்கும். இரவில் அது படும் பாட்டைச் சொல்லி மாளாது. அன்றிரவு நாற்பது படத்துக்கு மேல் எடுத்தேன். ஒன்றில்கூட அப்பாவின் முகம் இல்லை. ஆரஞ்சு நிறத்தில் ஓர் இழுவை, மஞ்சள் வேட்டி மாதிரி ஒரு கலங்கல், பின்னால் யாரோ ஒருவரின் கை. அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வருடம் அப்பாவுக்குச் சர்க்கரையால் காலில் புண். அதற்கடுத்த வருடம் அப்பா இல்லை.

இதில் அந்தச் சின்ன கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். வெளிச்சத்தை வாங்கிப் படமாக மாற்றும் சென்சார், அந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்கு நாலரை மில்லிமீட்டர். ஏ6000இல் இருப்பது 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். பரப்பளவில் பதின்மூன்று மடங்கு. மழைக்கு வாசலில் டம்ளரை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். முன்பெல்லாம் இத்தனை பெரிய சென்சார் வேண்டுமென்றால், கல்யாண வீட்டில் படம் எடுப்பவர்கள் கழுத்தில் தொங்கவிடும் கனமான கேமராவைத்தான் வாங்க வேண்டும். அதற்குள் ஒரு கண்ணாடி இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அது மேலே எழும்பி இறங்கும். 2008இல் பானசோனிக் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு ஜி1 என்ற கேமராவைக் கொண்டுவந்தது. 'மிரர்லெஸ்' என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது. கண்ணாடி போனதும் உடம்பு மெலிந்தது, விலையும் மெல்ல மெல்ல என் போன்றவர்களின் கைக்கு எட்டியது.

சரி, வாங்கினேன். வாங்கி என்ன எடுத்தேன்? சொல்ல வெட்கமாக இருக்கிறது. லுமுட் கடற்கரையில் சூரியன் மறைவதை எடுத்தேன். பங்கோருக்குப் போய் இருவாட்சிப் பறவைகளை எடுத்தேன். செம்பருத்திப் பூவைக் கூர்மையாக வைத்துப் பின்னணியைக் கலங்கடித்து எடுத்தேன். அந்தக் கலங்கல் போதவில்லை என்று 50 மில்லிமீட்டர் எப்1.8 லென்ஸ் ஒன்றை வாங்கினேன். அதன் விலையைப் பாட்டியிடம் சொல்லவே இல்லை. கூட ஒரு பேட்டரியும் வாங்க வேண்டியிருந்தது. ஒரு முறை சார்ஜ் செய்தால் 360 படம் என்று கணக்கு சொல்கிறார்கள். திருவிழாவில் அது மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும்.

நம் ஊர் ஈரக்காற்றைப் பற்றி யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். அலமாரியில் துணிக்கு நடுவே வைத்திருந்த லென்ஸில் மூன்று மாதத்தில் பூஞ்சணம், உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி. நல்ல வேளை, அது கேமராவோடு வந்த சாதாரண லென்ஸ். இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வைக்கிறேன். அந்தப் பொட்டலங்களை அவ்வப்போது மாற்ற வேண்டும். புதிதாக வாங்கப் போகிறவர்கள், லென்ஸுக்கு முன்னால் அந்த டப்பாவை வாங்குங்கள்.

இத்தனை மாதங்களில் ஆயர் தாவாருக்கு வாராவாரம் வந்துபோயும் பாட்டியை ஒரு படம் எடுக்கவில்லை. எடுக்க விடவில்லை என்பதுதான் சரி. கேமராவைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்.

"படம் எடுத்தா ஆயுசு கொறையும்."

"அதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு பாட்டி."

"எண்பத்திரண்டு வயசுக் கிழவியை எதுக்குடா எடுக்குற? சுவத்துல மாட்டத்தானே?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அதுவும் உண்மை. அப்பாவுக்கு ஏற்பட்டது மாதிரி ஆகிவிடக் கூடாது என்றுதான் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தாவின் படம் ஒன்று உண்டு. கோட்டு, டை, படிய வாரிய முடி. தாத்தா தன் வாழ்நாளில் கோட்டு போட்டதில்லை. பால் வெட்டும் மனிதருக்கு ஏது கோட்டு? அவர் இறந்தபோது அவருடைய ஐசியில் இருந்த முகம்தான் வீட்டில் இருந்த ஒரே படம். இறப்பைப் பதியும்போது ஐசியை ஒப்படைத்தாக வேண்டும். அதற்கு முன்னால் ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னார்கள். பெரிதாக்கியவர் கழுத்துக்குக் கீழே தம் கைவண்ணத்தைக் காட்டிவிட்டார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அப்படித்தான். உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு கோட்டுக்காரத் தாத்தா இருக்கலாம்.

பாட்டியின் முதல் படமும் ஐசிக்காக எடுத்ததுதான். 1948இல் அவசரகாலம் வந்தபோது, பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லாருக்கும் அடையாளக் கார்டு என்று சட்டம் போட்டார்கள். அதற்குப் படமும் வேண்டும், கைரேகையும் வேண்டும். பாட்டிக்கு அப்போதுதான் பன்னிரண்டு. "வரிசையில நிக்க வச்சாங்க. அம்மா எண்ணெய் தேச்சு இழுத்துப் பின்னி விட்டா. படம் எங்க கையில எங்க வந்துச்சு, கார்டுலதானே ஒட்டிட்டாங்க" என்பார். யோசித்துப் பார்த்தால், தோட்டத்தில் அவர் வயதுக்காரர்கள் பலருக்கு முதன்முதலில் படம் எடுத்தது சொந்தக்காரர்களாக இருந்திருக்காது, அரசாங்கமாகத்தான் இருந்திருக்கும். யார் என்று தெரிந்துகொள்வதற்காக எடுத்த படங்கள். பிரியத்தில் எடுத்தவை அல்ல.

பள்ளி விடுமுறையில் அக்கா பிள்ளைகள் வந்திருந்த ஒரு சனிக்கிழமை அது. நான் நாலரைக்கே விழித்துக்கொண்டேன். பாட்டி எழுந்த சத்தம். பிரட்டுக்குப் போகும் நேரம் அது. வேலையை விட்டு முப்பது வருடம் ஆகியும் உடம்பு அந்த நேரத்தை மறக்கவில்லை. நாங்கள் இருந்த தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களையும் இடித்துவிட்டார்கள். பாட்டி மட்டும் தாமான் வீட்டுக் குசினியில் நாலரைக்கு எழுந்து விளக்கைப் போடுகிறார்.

அக்கா மகளும் எழுந்து வந்துவிட்டாள். பத்து வயது. பாடப் புத்தகத்தில் ரப்பர் மரம் பார்த்திருக்கிறாள்.

"ஆச்சி, மரத்தை எப்படி வெட்டுவீங்க? கோடாலியாலயா?"

பாட்டிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "கோடாலியா? மரத்தைக் கொல்லவா போறோம்?" கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு குசினிக் கதவின் நிலைக்கு முன்னால் போய் நின்றார். "இங்க பாரு. இடப்பக்கம் மேல ஆரம்பிச்சு வலப்பக்கம் கீழ சரிவா வரணும். பட்டையைச் சன்னமா சீவணும், காகிதம் மாதிரி. ஆழமா போனா மரத்துக்குக் காயம். அப்புறம் அந்த எடத்துல முண்டு முண்டாதான் பட்டை வரும்." கை தானாக இறங்கியது. முழங்கை உடம்போடு ஒட்டி, மணிக்கட்டு மட்டும் அசைந்து, கால் ஒரு அடி பின்னால் நகர்ந்து. நிலையில் மரம் இருப்பது மாதிரியே இருந்தது.

கேமரா மேசைமேல் டப்பாவில் இருந்தது. 50 மில்லிமீட்டர் லென்ஸ், எப்1.8, ஐஎஸ்ஓ 3200. ஒரு டியூப் லைட்டைத் தவிர வெளிச்சம் இல்லை. இந்தக் கேமராவில் சத்தமில்லாமல் எடுக்கும் வசதி கிடையாது. முதல் படத்துக்கே "டக்" என்றது. பாட்டி திரும்பவில்லை. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதில் இருந்தார். பதினேழு படம் எடுத்தேன்.

பிறகு பின்திரையில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஒரு படத்தில் முகம் பாதிதான் தெரிகிறது. கைதான் முழுசாக இருக்கிறது. நரம்பு, கட்டைவிரலுக்குப் பக்கத்தில் பழைய வெட்டுத் தழும்பு, நிலையில் சாய்ந்த கரண்டி. அதைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்.

"கரண்டி வெளங்குதே. கத்தியா இருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவ்வளவுதான் குறை. ஆயுசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சித்தியவானில் அந்தப் படத்தை எட்டுக்குப் பத்து அளவில் கழுவி எடுத்து வந்தேன். பாட்டி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த தாத்தாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அவரும் இப்படித்தான் நிப்பாரு. அந்தக் கோட்டுக்காரரு யாரோ."

படத்தைத் துணியில் சுற்றி, வீட்டுக் கடுதாசிகள் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னில் வைத்தார். மூடியை அமுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நேரம் வந்தா இதையே மாட்டு. கோட்டு கீட்டு ஒண்ணும் போடச் சொல்லிடாத."

"சரி பாட்டி."

"அந்தக் கேமரா நெசமாவே எண்ணூறுதானா?"

சொல்லிவிட்டேன், லென்ஸ் விலையையும் சேர்த்து. திட்டு சாயங்காலம் வரை ஓயவில்லை.