அம்மாவின் அறைத் தரை

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில், மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், ரிஷிவந்தியத்தில் உள்ள எங்கள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அம்மா தனியாக வாழும் வீடு அது. அவருடைய அறையில், கதவுக்கும் கட்டிலுக்கும் இடையே ஒரு கோரைப்பாய் விரிக்கப்பட்டிருந்தது. பகலில் பாய் விரித்து வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் என்றுமே இருந்ததில்லை. சுருட்டி ஓரமாக வைக்கலாம் என்று குனிந்தேன்.

"சாமி, அது அங்கயே இருக்கட்டும்" என்றார் அம்மா.

நான் குருப்பட்டம் பெற்ற நாள் முதல் அம்மா என்னைச் சாமி என்றுதான் அழைக்கிறார். ஆனால் அன்று அந்தச் சொல்லில் மரியாதையைவிட அச்சமே மிகுந்திருந்தது. பாயைத் தூக்கினேன். அடியில் பலகைகளின் விளிம்புகள் உப்பி, வரப்பு வரப்பாக மேலெழும்பி நின்றன. வெளிநாட்டில் வேலை செய்யும் என் தம்பி, ஆசை ஆசையாக அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்த லேமினேட் தரை அது. போட்டு இன்னும் ஓராண்டு நிறையவில்லை.

அந்த வீடு கண்ட நான்காவது தரை இது. நான் தவழ்ந்தது சாணம் மெழுகிய மண் தரையில். சனிக்கிழமைதோறும் அம்மா முழங்காலிட்டு, கையால் அரைவட்டம் அரைவட்டமாக மெழுகிக்கொண்டே பின்னோக்கி நகர்ந்து, வாசற்படியில் வந்து முடிப்பார். ஈரம் காயுமுன் மிதித்தவனுக்கு அன்று இரவு அடி நிச்சயம். பின்பு கரும்பு நன்றாக விளைந்த ஓர் ஆண்டில் அப்பா சிவப்புக் காவி கலந்த சிமெண்டுத் தரை போட்டார். கொத்தனார் அதைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பிறகு, பல நாட்கள் தண்ணீர் கட்டி வைத்தார்கள். அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து அதில் முகம் தெரியச் செய்தார். மூன்றாவதாக வந்தது பளபளப்பான டைல். குஜராத்தின் மோர்பி நகரிலிருந்து லாரி லாரியாக வந்திறங்கும் இந்த டைல்கள் நம் ஆலயங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. அது குறித்து எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

டைல் தரை மார்கழியில் பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. மாதா படத்தின் முன் முழங்காலிட்டுச் செபமாலை சொல்லும் அம்மாவுக்கு ஐந்தாவது பத்து முடிவதற்குள் மூட்டுகள் மரத்துப் போயின. நாற்காலியில் அமர்ந்து செபிக்கலாமே என்றால் கேட்கமாட்டார். விடுப்பில் வந்திருந்த தம்பி இதைக் கண்டு கலங்கித்தான், மரம் போன்ற இந்தத் தரையைப் போடலாம் என்றான். என்னிடமும் கருத்துக் கேட்டான். நானும் மகிழ்ச்சியோடு தலையசைத்தேன். அந்தத் தலையசைப்புக்குத்தான் இப்போது கணக்குக் கொடுக்கிறேன்.

பலகையை முதலில் கையில் வாங்கிப் பார்த்தவர் கள்ளக்குறிச்சி ஆசாரி ஒருவர். அவ்வூர் மரச் சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்ததை வாசகர்கள் அறிவீர்கள். மரத்தோடு பிறந்து வளர்ந்த அந்த மனிதர் பலகையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது மரம் இல்லீங்க சாமி, மரத்தோட படம்" என்றார்.

பாதி உண்மை அது. 1977ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் உருவாக்கிய தரை வகை இது. மேலே காண்பது உண்மையிலேயே படம்தான்: மரத்தின் ரேகைகளை அச்சிட்ட காகிதம். அதன்மேல் தேய்மானத்தைத் தாங்க, அலுமினியம் ஆக்சைடு கலந்த மெலமைன் பிசின் படலம். ஆனால் வயிற்றுப் பகுதி அப்படியல்ல. மரத்தை நாராக்கி, பிசின் சேர்த்து, பெரும் அழுத்தத்தில் இறுக்கிய பலகை அது. குருமடத்தில் உட்பொருள், புறத்தோற்றம் என்று மாதக்கணக்கில் மெய்யியல் படித்தவன் நான். தோற்றத்தைத்தான் கவனித்தேனே தவிர, உள்ளே இருப்பது மரம், மரமென்றால் தண்ணீர் குடிக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. குடித்து உப்பிய நார் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது.

போட்டதில் குறையொன்றும் இல்லை. பலகைகளைப் பிரிக்காமலேயே 2 நாட்கள் அறைக்குள் கிடத்தி, அங்குள்ள காற்றுக்குப் பழக்கினார்கள். பழைய டைலின் மேலேயே ஈரம் தடுக்கும் பாலித்தீன் தாளும் நுரைத் தாளும் விரித்தார்கள். ஆணியோ பசையோ இல்லாமல் ஒரு பலகையின் நாக்கை மற்றதன் பள்ளத்தில் கோத்தார்கள். மழைக்காலத்தில் பலகைகள் விரிய வேண்டுமென்று சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மேலே பட்டை வைத்து மறைத்தார்கள். வீட்டை மந்திரித்தபோது நான் வழக்கம்போலத் தாராளமாகத் தீர்த்தம் தெளிக்க, தம்பி மனைவி துணியோடு என் பின்னாலேயே வந்து ஒவ்வொரு துளியையும் துடைத்தாள். எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார்.

பராமரிப்புக் கையேட்டை நானே படித்து விளக்கினேன். காலில் ஒட்டி வரும் மணல் உப்புத்தாள் போலத் தரையைத் தேய்த்துவிடும். ஆகவே வாசலில் மிதியடி வேண்டும். கட்டில் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்ட வேண்டும். மெழுகு, எண்ணெய் எதுவும் கூடாது. வாளித் தண்ணீர் அறவே கூடாது. துணியை நனைத்து, ஒரு சொட்டும் வடியாதபடி ஒட்டப் பிழிந்து துடைக்க வேண்டும். அம்மா தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். ஞாயிறு மறையுரையைக் கேட்பது போலவே கேட்டார்.

அந்தப் பிற்பகலில், பாய்க்கு அருகே நின்றபடி, "மறந்து தண்ணி ஊத்திட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா இல்லையென்று தலையாட்டினார். சனிக்கிழமைதோறும் துணியால்தான் துடைத்திருக்கிறார். ஆனால் துணியைப் பிழிய முடியவில்லை. விரல் மூட்டுகள் மடங்கவில்லை. மணிக்கட்டைத் திருக முடியவில்லை. சொட்டச் சொட்டத் துடைத்த நீர் பலகைகளின் இணைப்புகளில் இறங்கியிருக்கிறது. முதல் விளிம்பு எழும்பியதும் அச்சத்தில் இன்னும் அழுத்தித் துடைத்திருக்கிறார். பிறகு பாயைப் போட்டு மூடிவிட்டார்.

"அவ்வளவு காசு போட்டு செஞ்சான். தம்பிகிட்ட சொல்லிடாதீங்க சாமி."

என் மனம் குன்றிப் போயிற்று. மூட்டு வலிக்காகத் தரையை மாற்றிய நாங்கள் இருவரும் அந்தக் கைகளைப் பார்க்கவே இல்லை. மாதந்தோறும் வந்து அவர் கையால் காபி வாங்கிக் குடித்தவன் நான். டம்ளரை ஏன் இரு கைகளாலும் பிடித்து நீட்டுகிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றிரவு தம்பியிடம் தொலைபேசியில் சொன்னேன். சொல்லாமல் மறைப்பது அம்மாவின் பயத்தை வளர்க்கும் என்று பட்டது. தவறு என்னுடையது என்றேன். அவன் தரையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நெடுநேரம் கழித்து, "கை அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று மட்டும் கேட்டான். பிறகு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். அவர்கள் பேசியதை நான் கேட்கவில்லை, முற்றத்தில் நின்றிருந்தேன்.

வீடு மந்திரிக்கப் போகுமிடங்களில் இந்தத் தரையைப் பற்றி இப்போதெல்லாம் என்னிடம் கேட்கிறார்கள். சமையலறை, குளியலறைப் பக்கம் வேண்டாம் என்கிறேன். கரையான் ஏறும் பழைய வீடாக இருந்தால் முதலில் அதற்கு வழி செய்யுங்கள் என்கிறேன். வீட்டுக்குத் தேவையான தேய்மானத் தரம் ஏசி 3 என்று கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன்: இதை யார் துடைக்கப் போகிறார்கள்?

எங்கள் வீட்டில் முழுவதையும் பெயர்க்கத் தேவைப்படவில்லை. ஒட்டாமல் கோத்த தரை அல்லவா? அதே ஆசாரி வந்து, கதவுப் பக்கத்துச் சுவர்ப் பட்டையைக் கழற்றி, வரிசை வரிசையாகப் பலகைகளைப் பிரித்தெடுத்தார். அடியில் பழைய டைல் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. கட்டிலைச் சுற்றியும் மாதா படத்தின் முன்னும் பலகைகள் நல்ல நிலையில் இருந்ததால் அவற்றை அப்படியே விட்டு, எல்லையில் ஓர் அலுமினியப் பட்டை பொருத்தினார். கதவுப் பக்கத்து டைலில் அம்மா மனம் போலத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறார்.

பலகைப் பகுதியைத் துடைப்பது என் வேலை. இப்போது திங்கட்கிழமைகளில் ஊருக்குப் போய்விடுகிறேன். துணியை நனைத்துப் பிழிந்து அம்மாவிடம் காட்டுவேன். அவர் விரலால் தொட்டுப் பார்ப்பார்.

"இன்னும் சொட்டுது பாரு. நல்லா பிழிடா" என்பார்.