கலுங்கில் நிற்கும் கற்கள்

இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கண்மாய்களில் ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி கார்த்திகையில், வரத்துக்கால் வழியே நீர் வந்து சேர்கிறது. மார்கழியில் மட்டம் உச்சத்தைத் தொடுகிறது. மடை திறந்து நெல்லுக்குப் பாய்ச்சியதுபோக, மீதியை வெயில் குடித்துவிடுகிறது. பங்குனி பிறப்பதற்குள் பல கண்மாய்களின் உள்வாய் ஆடு மேயும் தரையாகிவிடுகிறது.

கண்மாய் நிறைந்துவிட்டது என்பதை அறிவிப்பது கலுங்கு. மிஞ்சிய நீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கல்லால் கட்டிய வழி அது. பழைய கலுங்குகளின் தளத்தில் இடைவெளி விட்டு வரிசையாகக் குத்துக்கற்கள் நடப்பட்டிருக்கும். அழகுக்காக நட்டவை போலத் தோன்றும் அந்தக் கற்களின் பூர்விகத்தைத் தேடியபோது இக்கட்டுரையாளருக்கு முதலில் தெளிவானது அவற்றின் வேலைதான். கலுங்கின் தளம் முழு நீர்மட்டம். கல்லின் தலை உச்ச நீர்மட்டம். மழை வலுத்திருக்கும் நாட்களில் இடைவெளிகள் திறந்தே கிடக்கும். வெள்ளம் தடையின்றிப் போய்விடும். புயல் பயம் நீங்கியதும் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அவற்றை அடைப்பார்கள். பருவத்தின் கடைசி மழை அந்த அடைப்புக்குப் பின்னால் தேங்கும். பரந்த கண்மாயில் இரண்டடி உயரம் கூடுதலாக நின்றால், கதிர் முற்றும் நேரத்தில் ஒரு தண்ணீர் கிடைத்துவிடும். கதவோ சக்கரமோ இல்லாமல் பருவத்துக்கேற்ப மட்டத்தை மாற்றும் இந்த ஏற்பாடு போற்றத்தக்க பொறியியல்.

எழுத்து ஆவணங்களில் பின்னோக்கிப் போனால் முதலில் எதிர்ப்படுவது 1883இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம். ஒவ்வோர் ஏரியின் கரை, மடை, கலுங்கு, ஆயக்கட்டு ஆகியவற்றை அளந்து குறித்துவைத்தது அது. ஆனால் கலுங்கு அந்தத் திட்டத்தின் கண்டுபிடிப்பு அன்று. ஆங்கிலப் பொறியாளர்களின் கையேடுகளே அதைக் ‘கலிங்குலா’ என்றுதான் எழுதின. பொருளைப் போலவே பெயரையும் ஊர்க்காரர்களிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

ஏரிப் பராமரிப்புக்கு அதற்கும் முந்தைய சான்று கல்வெட்டுகளில் உள்ளது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தைச் சொல்கின்றன. ஏரியைக் காப்பதற்கென்றே ஊர்ச்சபை ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தது. இன்னும் பின்னே போனால் புறநானூற்றின் 18ஆம் பாட்டு. நீரைத் தேக்குவது அரசனின் கடமை என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அதில் எடுத்துரைக்கிறார்.

மட்டத்தைக் கல்லில் நிலைநிறுத்த வேண்டி வந்ததற்குக் காரணம் நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. இந்தச் சீமைக் கண்மாய்கள் சங்கிலிபோல் தொடர்பவை. மேல் கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் கீழ் கண்மாய்க்குத் தண்ணீர். அடைப்பை ஒரு முழம் உயர்த்தினால் உள்வாய் ஓரத்துப் பயிர் மூழ்கும், கீழூர் காயும். தாழ்த்தினால் சொந்த ஆயக்கட்டின் கடைமடைக்கு நீர் எட்டாது. மேலூரும் கீழூரும் ஒப்புக்கொண்ட எல்லையாகவே கல் நின்றது.

கல் அசையாவிட்டாலும் கண்மாயின் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். வண்டல் அடியிலிருந்து ஏறுகிறது. பழைய மடை வகையான குமிழித் தூம்பில் நீரோடித் துளைக்குக் கீழே சேறோடித் துளைகள் வைத்தது இதற்காகத்தான். கண்மாய் வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி அள்ளிக்கொள்ளத் தமிழ்நாடு அரசு 2017இல் அனுமதி அளித்தது. கோடையில் வண்டலை அள்ளிய கண்மாயில், அடுத்த மார்கழியில் அதே கல் மட்டத்துக்குக் கூடுதல் நீர் நிற்கும்.